கையுறை காய்ந்த கொடி

ஒரு பெண்ணின் விரல்களில் குழிக்குழியாகப் புண் விழுந்தது என்னால்தான். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம். முதல் பத்து நாட்களுக்கு அது உண்மையும்கூட. அதற்குப் பிறகு எனக்குத் தெரியும். தெரிந்தும், அவள் கைகளை நீட்டி என்னிடம் கேட்டபோது, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். நான் வேதியியல் படித்தவன் என்பதால் அவள் நம்பினாள்.

எனக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. ஒரகடத்துக்குப் போகும் சாலையில் இருந்த ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பதும் என் பொறுப்பு. எந்த மருந்து தோலை என்ன செய்யும், எதைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது என்று படம் போட்டுக் காட்டுவேன். அந்தப் படங்களில் ஒன்று, குரோமியம் பட்ட விரல் மூட்டில் விழும் வட்டமான குழி. அதைக் காட்டும்போது பின்வரிசையில் இருப்பவர்கள்கூட எழுந்து பார்ப்பார்கள். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், அறியாமை என்ற சாக்கு எனக்குக் கிடையாது.

ஓய்வு பெற்றபின் கார்பன் பிரிண்ட் என்னும் பழைய படமுறையில் ஆசை வந்தது. ஜெலட்டினில் கரியும் கொஞ்சம் சர்க்கரையும் கலந்து தாளில் பூச வேண்டும். அந்தத் தாளை டைகுரோமேட் என்ற, குரோமியம் அடங்கிய ஆரஞ்சு நிற மருந்துக் கரைசலில் முக்கியெடுத்து இருட்டில் காயவைக்க வேண்டும். காய்ந்த தாளின்மேல் நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டினால், வெளிச்சம் பட்ட இடமெல்லாம் இறுகும். பிறகு இன்னொரு தாளில் ஒட்டி வெதுவெதுப்பான நீரில் அலசினால் இறுகாத கரி கரைந்து போய்ப் படம் நிற்கும். தொட்டால் மேடு பள்ளம் தெரியும். அந்தக் கறுப்பை வேறெந்த முறையிலும் நான் பார்த்ததில்லை.

இந்த வேலையில் பாதி, காயவைப்பதுதான். மூன்று நான்கு மணி நேரத்துக்குள் தாள் காய வேண்டும். ஈரம் தங்கினால் இருட்டிலேயே ஜெலட்டின் தானாக இறுகத் தொடங்கி, தாள் முழுக்க ஒரே கறுப்பாகிப் பாழாகும். வெயிலில் போடவும் முடியாது, சூடாக்கவும் முடியாது. காற்றில் ஈரமில்லாத இருட்டறை ஒன்றுதான் வழி.

குன்றத்தூரில் எங்கள் வீட்டின் பின்னறையைத்தான் முதலில் கேட்டேன். என் மனைவி மருந்துப் புட்டியின் மேலிருந்த மண்டையோட்டுப் படத்தைப் பார்த்தாள்.

"பேரப் புள்ளைங்க வந்து போற வூடு இது. இந்த மஞ்சத் தண்ணிய வேற எங்கனா வெச்சிக்கோங்க."

நியாயமாகப் பட்டது. பிள்ளைப்பாக்கத்தில் ஒரு மாடியில் ஜன்னலில்லாத சின்ன அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். கீழே வீட்டுக்காரம்மா குடும்பம். நிலத்தின் ஒரு பகுதியைக் கம்பெனிக்கு விற்று, அதில் மாடி கட்டியவர்கள். மாடியில் என் அறையை ஒட்டிய பெரிய அறையில் தெற்கிலிருந்து வேலைக்கு வந்த நான்கு பெண்கள். என் வீட்டுக்கு ஆகாத மருந்தை ஏழெட்டுப் பேர் வாழும் வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்ற எண்ணம் எனக்கு ஒரு கணம்கூட எழவில்லை. இன்று அதை நினைத்தால் நெஞ்சில் அடித்த மாதிரி இருக்கிறது.

காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மெஷின் ஒன்றும் மின்விசிறியும் வைத்தேன். சுவருக்குச் சுவர் நைலான் கயிறு கட்டி, துணி மாட்டும் மரக் கிளிப்புகளால் தாள்களைத் தொங்கவிட்டேன். கீழே வேர்க்கடலை காயப்போட்டுவிட்டு வந்த வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், எங்க மல்லாட்டையே தரையில காயுது, உங்க பேப்பரு காய மிஷின் கேக்குதா? மாப்ள மாதிரி பாத்துக்கிறீங்களே!"

இது நடந்தது முந்தின வருடத்து ஐப்பசியில். மழை விடாமல் பெய்த மாதம். பக்கத்து அறைப் பெண்களில் ஒருத்தி கோவில்பட்டிப் பக்கத்துக்காரி, இருபத்திரண்டு வயதிருக்கும். காருக்கு உள்ளே ஓடும் ஒயர்களைக் கட்டாகக் கட்டித் தரும் கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட். நாளெல்லாம் ஒயர் முனைகளை விரலால் பிடித்துச் சின்னத் துளைகளில் செருக வேண்டும். வெள்ளைப் பின்னல் கையுறை கட்டாயம். இரண்டு ஜோடி கொடுப்பார்கள். அதைத்தான் துவைத்துத் துவைத்துப் போட வேண்டும். அந்த அறையில் கையுறை போட்டு வேலை செய்தவள் அவள் ஒருத்திதான்.

ஒரு காலையில் என் கதவருகே வந்து நின்றாள்.

"ஐயா, இந்த மழைக்கு கிளவுஸ் காயவே மாட்டேங்கு. ஈரத்தோட போனா சூப்பர்வைசர் ஏசுதாரு. ஒங்க ரூம்புல மிஷின் ஓடுதாம்லா, ஒரு ஓரமா போட்டுக்கிடட்டுமா?"

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த ஊரிலேயே ஈரமில்லாத ஒரே அறை என்னுடையது. செவ்வாயும் வெள்ளியும் தாள் தொங்கும், மற்ற நாட்களில் போட்டுக்கொள் என்றேன். நான் வராத நாட்களில் வீட்டுக்காரம்மாவிடம் இருந்த சாவியை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். மூலையில் மூடி வைத்திருந்த ஆரஞ்சுக் கரைசலைக் காட்டி, "அதைத் தொட்டுவிடாதே, விஷம்" என்று எச்சரித்தேன். எச்சரித்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

கயிற்றைப் பற்றிச் சொல்லவில்லை. கிளிப்பைப் பற்றிச் சொல்லவில்லை. ஈரத் தாளிலிருந்து மருந்து கசிந்து கிளிப்பின் மரத்தில் ஊறும், கயிற்றில் படியும், காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத தூளாக நிற்கும். ஈரத்துணி பட்டால் அது அப்படியே துணியில் கரைந்து ஏறும். எனக்கு அது தோன்றாததற்குக் காரணம் ஒன்றுதான்: அந்தக் கிளிப்புகளை ரப்பர் கையுறை இல்லாமல் நான் ஒருநாளும் தொட்டதில்லை. நான் கையுறை போட்டுத் தொட்ட கிளிப்பை அவள் வெறுங்கையால் எடுத்து, தன் கையுறையை மாட்டினாள்.

பத்து நாள் கழித்து மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு முற்பகலில் படியேறினேன். மேல்படியில் அவளும் வீட்டுக்காரம்மாவும் நின்றிருந்தார்கள். அவள் வலது கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல வேளை, ஐயா வந்துட்டாக. ஐயா, நீங்க கெமிஸ்ட்ரி படிச்சவுகதான? இது என்னன்னு பாருங்களேன்."

விரல் இடுக்கெல்லாம் சிவந்து தடித்திருந்தது. ஒயர் கீறிய இடங்களில், ஆள்காட்டி விரல் மூட்டிலும் நடுவிரல் நகக்கண்ணிலும், இரண்டு வட்டக் குழிகள். ஓரம் தடித்து, நடுவே ஆணியால் குத்தி எடுத்ததுபோல. வலிக்கிறதா என்று கேட்டேன். "வலி அவ்வளவா இல்ல, அதான் பயமா இருக்கு" என்றாள். அவளது இடது கையில் துவைத்த கையுறை இருந்தது. விரல் நுனிகளில் கிளிப்பின் இரண்டு பற்களும் பதிந்த இடத்தில், எதிரெதிரே, பழுப்பேறிய இரண்டு மஞ்சள் கோடுகள்.

வகுப்பில் திரையில் காட்டிய படம் என் கண்ணெதிரே உயிருள்ள விரலில் இருந்தது.

வீட்டுக்காரம்மா முந்திக்கொண்டார். "நான்தான் சொல்லிக்கினே கீறேன், இது தண்ணி மாத்தம். எங்க போர் தண்ணி உப்பு. தெக்கேர்ந்து வர்ற பொண்ணுங்களுக்கு மொதல்ல இப்டிதான் ஆவும். இன்னா சார், நீங்க சொல்லுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா. தண்ணி ஒத்துக்கலம்மா. சரியாயிடும்" என்றேன்.

அந்தச் சொற்கள் என் வாயிலிருந்து வந்த வேகம் எனக்கே திகைப்பாக இருந்தது. யோசித்துச் சொல்லவில்லை. முன்பே தயாராகக் காத்திருந்ததுபோல வந்து விழுந்தன. பின்னால் காரணம் தேடிப் பார்த்தேன். அறையைக் காலி செய்யச் சொல்வார்கள் என்ற பயம். மனைவி என்ன சொல்வாள் என்ற பயம். இவற்றைவிட அற்பமான ஒன்றும் இருந்தது. சென்னையில் நண்பர்கள் சிலர் சேர்ந்து வைக்கும் சின்னக் கண்காட்சிக்குப் பன்னிரண்டு படங்கள் தருவதாகச் சொல்லியிருந்தேன். பத்து முடிந்திருந்தது.

அன்றே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கயிற்றை அறுத்தெடுத்தேன். கிளிப்புகளை எல்லாம் ஒரு பையில் கட்டினேன். மறுநாள் புதுக் கயிறு, புதுக் கிளிப். அவளிடம், "தாள் வேலை அதிகமாகிவிட்டது, இனி இங்கே இடமில்லை" என்று சொன்னேன். "சரிங்கய்யா, இத்தன நாள் விட்டதே பெரிசு" என்று நன்றி சொன்னாள். விஷத்தை நிறுத்திவிட்டேன், புண் தானாக ஆறும் என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவள் பழைய கையுறைகளைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அவற்றைத் தூக்கிப் போடு என்று சொல்ல வேண்டுமானால் காரணத்தையும் சொல்ல வேண்டும்.

அவள் கேன் தண்ணீர் வாங்கிக் கை கழுவத் தொடங்கினாள். குழாய்த் தண்ணீர் படக் கூடாது என்று கையில் பாலித்தீன் பை கட்டிக்கொண்டு குளித்தாள். அந்தப் பெண்கள் நால்வரும் ஒரு ஞாயிறு முழுக்க மாடித் தொட்டியைத் தேய்த்துக் கழுவினார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே அடுத்த அறையில் நான் மிச்சமிருந்த இரண்டு படங்களை முடித்தேன். படங்கள் நன்றாக வந்தன. எழுதவே கூசுகிறது, ஆனால் நன்றாகத்தான் வந்தன.

மூன்று வாரம் ஆயிற்று. கண்காட்சி முடிந்து ஒரு மதியம் மாடிக்கு வந்தேன். படிக்கட்டில் அவள் தனியாக உட்கார்ந்து கரண்டியால் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளிலும் துணிக்கட்டு. அவளுடைய பாயும் வாளியும் அறைக்கு வெளியே நடைவழியில் கிடந்தன.

"வேலைக்குப் போகலையா?"

"நிப்பாட்டிட்டாக ஐயா. கம்பெனி நர்சு பாத்துட்டு, ஒட்டுற நோயாட்டு இருக்கு, லைன்ல விடக் கூடாதுன்னுட்டாக. கான்ட்ராக்ட்தான, கார்ட வாங்கிட்டு அனுப்பிட்டாக. நாளைக்கு ஊருக்கு வண்டி." கரண்டியால் பாயைக் காட்டினாள். "இவளுவளும் பயப்படுதாளுவ. அவளுவளச் சொல்லிக் குத்தமில்ல."

அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தேன். எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. கயிறு, கிளிப், மருந்து, கையுறையில் இருந்த மஞ்சள் கோடு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீ கையைக் காட்டினாயே, அன்றைக்கு."

"அன்னைக்கேவா?"

"அன்றைக்கே."

அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்று நினைத்தேன். அவள் என்னை ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"கேன் தண்ணி வாங்கிக் கை கழுவுனேன். நீங்க பாத்துக்கிட்டுதான இருந்திய? 'கொஞ்சமா ஊத்தும்மா, வீணாகுது'ன்னுகூட ஒருநா சொன்னிய."

சொல்லியிருக்கிறேன். அதுவரை எனக்கு அது மறந்தே போயிருந்தது.

"எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? உள்ள மூணு பேரு இருக்காளுவ. அவளுவ முன்னாடி வந்து சொல்லுங்க. கீழ அம்மாட்டயும் சொல்லுங்க. கம்பெனில போயிச் சொல்லுங்க. எனக்கு நோய் இல்லன்னு நீங்கதான் சொல்லணும்."

வீட்டுக்காரம்மாவையும் கூப்பிட்டு, அந்த அறை வாசலில் நின்று மறுபடி முழுவதையும் சொன்னேன். ஒருத்தி, மதுரைப் பக்கத்துப் பெண், "அடிப்பாவிகளா, தொட்டிய ரெண்டு தடவ கழுவுனோமேடி!" என்றாள். இன்னொருத்தி சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். "தாத்தா, அப்ப இது ஒட்டாதா?" என்று மூன்றாமவள் கேட்டாள். ஒட்டாது என்றேன். அவள் வெளியே வந்து பாயை எடுத்து உள்ளே போட்டாள். "சாரிடி" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

வீட்டுக்காரம்மாவின் முகம் வெளுத்திருந்தது. "கொடியில தொங்குன காயிதத்துல இம்மாம் விஷமா? என் பேரன் அந்த மாடியிலதான சார் வெளையாடிக்கினு இருந்தான்? படிச்சவங்கன்னுதான சார் வூட்டக் குடுத்தேன்." அந்த வாரத்திலேயே அறையைக் காலி செய்தேன். மருந்தையும் பழைய கயிற்றையும் நான் வேலை பார்த்த ஆய்வகத்தில், கழிவைச் சரியாக அழிப்பவர்களிடம் ஒப்படைத்தேன்.

மனைவியிடமும் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"நம்ம வூட்டுல வேணாம்னுதான் சொன்னேன். ஊரான் வூட்டுப் புள்ளைங்ககிட்ட வெய்யின்னா சொன்னேன்?"

அந்தக் கோவில்பட்டிப் பெண் ஊருக்குப் போவதைத் தள்ளிப் போட்டாள். அவளையும், துணைக்கு அந்த மதுரைப் பெண்ணையும் காஞ்சிபுரத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அறிய, அவர் அவள் முதுகில் வெவ்வேறு மருந்து தடவிய துண்டுகளை ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தார். குரோமியத் துண்டு இருந்த இடம் மட்டும் கொப்புளித்திருந்தது. புண் ஆறிவிடும், தொற்று நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். எழுதிக்கொண்டே, "ஆனா உடம்பு இத மறக்காதும்மா. இனிமே துளி பட்டாலும் வரும். வாழ்நாள் முழுக்க" என்றார்.

வகுப்பில் இதையும் நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் அந்த அறையில் அதைக் கேட்டபோது முதல்முறை கேட்பவன்போல உட்கார்ந்திருந்தேன். நான் மனதில் வைத்திருந்தது ஆறும் புண்ணை மட்டும்தான்.

மருத்துவர் தாளோடு என் கைப்பட எழுதிய கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அவளுடைய கம்பெனி வாசலுக்குப் போனேன். காவலாளி, "பெரியவரே, இன்டர்வியூ நாளைக்கு. ஆனா உங்களுக்கு ஏஜ் பார் ஆயிருக்குமே" என்றார். உள்ளே பணியாளர் அதிகாரி நல்ல இளைஞர். "சார், நீங்க அந்தப் பொண்ணுக்கு என்ன உறவு?" என்று கேட்டார்.

"உறவு இல்லை. புண்ணுக்குக் காரணம் நான்."

அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். யாரும் இப்படி எழுதிக் கொடுத்துப் பார்த்ததில்லை என்றார். பதினைந்து நாள் கழித்து அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். விரல் முழுக்க ஆறவில்லை என்பதால் ஒயர் லைனில் போடாமல், இரக்கப்பட்டு ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். அவள் எனக்குத் தகவல்கூடச் சொல்லவில்லை. மதுரைப் பெண்தான் போனில் சொன்னாள். அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒன்பதாம் நாள் அந்தப் பெண்ணே மறுபடி கூப்பிட்டாள். "தாத்தா, அவளுக்குக் கால் ரெண்டும் வெடிச்சுப் போச்சு. சாக்ஸ் கழட்ட முடியல."

ஸ்டோரில் பளு தூக்குவார்கள். அங்கே தோல் ஷூ கட்டாயம். அந்தத் தோலைப் பதப்படுத்துவது குரோமியத்தால். இது எனக்குத் தெரியும்; மேற்கே தோல் பதனிடும் ஊர்களுக்கு ஆய்வுக்கே போயிருக்கிறேன். என் கடிதத்தில் அதை ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை.

மறுபடி போய், வேறு வகை ஷூ தர முடியுமா என்று கேட்டேன். அந்த அதிகாரி முயற்சி செய்தார். ஸ்டோரில் எல்லாருக்கும் ஒரே ஷூதான் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். லைனில் இடம் நிரம்பிவிட்டது. மார்கழி முடிவதற்குள் அவள் ஊருக்குப் போய்விட்டாள்.

அவள் எதையெல்லாம் தொடக் கூடாது என்று நான்கு பக்கம் எழுதி, அவள் தோழிகளிடம் முகவரி வாங்கித் தபாலில் அனுப்பினேன். ஈரச் சிமென்ட், தோல் செருப்பு, சில சாயங்கள் என்று ஒவ்வொன்றாக. இந்த முறை ஒன்றும் விடக் கூடாது என்று பழைய புத்தகங்களை எல்லாம் எடுத்துப் பார்த்து எழுதினேன். தை மாதம் அவளே போன் செய்தாள். குரல் சாதாரணமாக இருந்தது.

"ஐயா, ஒங்க லெட்டர் வந்துச்சு. மூணாம் பக்கத்துல தீக்குச்சி மருந்துன்னு போட்டுருக்கியளே, அது நெசமாவா?"

"ஆமாம். குச்சியின் தலையில் இருக்கும். கொஞ்சம்தான்."

"எங்கூர்ல வேற வேல கெடையாது ஐயா. எல்லாம் தீப்பெட்டி ஆபீசுதான். எங்கம்மா அங்கதான் பதினெட்டு வருசமா பாக்காக. அந்த வேல வேண்டாம்னுதான் நான் மெட்ராசுப் பக்கம் வந்தேன். இப்பம் அங்க கூப்பிடுதாக. போகலாமா?"

கொஞ்சமாகத் தொட்டால் ஒன்றும் ஆகாது என்று ஒரு சொல் நாக்கின் நுனிவரை வந்தது. படிக்கட்டில் வந்ததே, அதே வேகத்தில். அது எனக்குக் கொடுத்த அதிர்ச்சியை என்னால் விவரிக்க முடியாது.

"போகாதே அம்மா. நிச்சயம் திரும்ப வரும்" என்றேன்.

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அவள் அம்மாவாக இருக்கும்.

"அப்ப எங்கதான் போக?"

"தெரியவில்லை அம்மா" என்றேன்.

"சரி. இதயாவது மறைக்காம சொன்னியளே" என்று வைத்துவிட்டாள். ஊரிலேயே ஒரு துணிக்கடையில் சேர்ந்திருக்கிறாள் என்று சித்திரையில் அவள் தோழி சொன்னாள். சில புதுத் துணிகளின் சாயம் பட்டால் விரல் சிவக்கிறதாம். எந்தத் துணி என்று பார்த்து, அதைப் பக்கத்தில் நிற்பவளை மடிக்கச் சொல்கிறாளாம்.